உடுவிலுக்கு வந்த ஹரியட் அம்மையார்

யாழ்ப்பாணத்தில் உள்ள உடுவில் மகளிர் கல்லூரியை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். விளையாட்டுப் போட்டிக்கோ தமிழ்த்தினப் போட்டிக்கோ வடக்கே போய் வந்த மாணவியர் அதன் பழைய கட்டடங்களைப் பார்த்தும் இருக்கலாம். 1824 ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையாகத் தொடங்கியது அது. தொடக்கியவர் ஹரியட் வின்ஸ்லோ என்னும் அமெரிக்கப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது 28. அவர் வாழ்ந்தது மொத்தமே 36 ஆண்டுகள். அதில் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளை நம் நாட்டில் கழித்து, இங்கேயே மண்ணுக்குள் போனார்.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் பிறந்த வீட்டையும் அந்த வீட்டின் மார்க்கத்தையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஹரியட் லேத்ரப் 1796 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நோர்விச் என்ற ஊரில் பிறந்தார். லேத்ரப் குடும்பம் பியூரிட்டன் குடும்பம். பியூரிட்டன் என்றால் தூய்மைவாதி என்று பொருள் சொல்லலாம். இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்கக் காலத்துச் சடங்குகளும் அலங்காரங்களும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றைக் கழுவித் துடைத்துத் தூய்மையாக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இவர்கள். அரசனும் ஆயர்களும் நெருக்கியபோது 1620களிலும் 1630களிலும் ஆயிரக்கணக்கானோர் அத்திலாந்திக் கடலைத் தாண்டி நியூ இங்கிலாந்து என்ற குடியேற்றத்துக்குப் போனார்கள். லேத்ரப் குடும்பத்தின் மூதாதையான ஜோன் லோத்ரப் என்ற போதகரும் அப்படித்தான் போனார். தனியாகச் சபை நடத்தியதற்காக லண்டனில் சிறைவைக்கப்பட்டு, 1634 இல் கிரிபின் என்ற கப்பலில் பொஸ்டன் வந்து சேர்ந்தவர் அவர்.

அந்தக் கப்பலிலேயே ஆன் ஹட்சின்சன் என்ற பெண்ணும் வந்தார். இவரைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. பொஸ்டனில் தன் வீட்டில் பெண்களைக் கூட்டிவைத்து, போதகர்களின் பிரசங்கங்களை அலசி விளக்கம் சொல்லத் தொடங்கினார் ஆன். கூட்டம் பெருகியது, ஆண்களும் வந்தார்கள். 1637 இல் அவரை விசாரணைக்கு நிறுத்தி, குடியேற்றத்தை விட்டே வெளியேற்றினார்கள். தம் மனச்சாட்சிப்படி வணங்குவதற்காகக் கடல் தாண்டி வந்தவர்கள், இன்னொருவரின் மனச்சாட்சிக்கு நான்கு ஆண்டுகள்கூட இடம் கொடுக்கவில்லை.

பியூரிட்டன்களின் அன்றாட வாழ்க்கையைப் படிக்கும்போது நமக்குச் சில இடங்கள் அந்நியமாகவே தோன்றாது. அவர்களுடைய வணக்க வீட்டில் உருவமோ படமோ கிடையாது. வெறும் பலகைச் சுவர், பலகை இருக்கை, நடுவில் பிரசங்க மேடை. இசைக்கருவி இல்லாமல் சங்கீதங்களை மட்டும் பாடுவார்கள். நமக்கு வெள்ளி இரவு என்பது வியாழன் மஃரிபோடு தொடங்குவதுபோல, கனெக்டிகட் வீடுகளில் ஞாயிறு என்பது சனிக்கிழமை பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். அதற்குள் சமையலை முடித்துவிட வேண்டும். சனிக்கிழமையே அடுப்பில் ஏற்றிவைத்த அவரையும் சோளமாவு கலந்த கறுப்பு ரொட்டியும்தான் மறுநாள் உணவு. ஞாயிறு முழுவதும் வேலை இல்லை, பயணம் இல்லை, விளையாட்டு இல்லை. நீண்ட பிரசங்கங்கள் இரண்டு. நாட்டுக்குத் துன்பம் வந்தால் எல்லோரும் நோன்பிருக்கும் நாள் ஒன்றை அறிவிப்பார்கள். நல்லது நடந்தால் நன்றி செலுத்தும் நாள். நத்தாரை அவர்கள் கொண்டாடவில்லை. வேதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். மசசூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம்.

ஆனால் அவர்கள் உள்ளத்தில் ஓடிய பயம் வேறு மாதிரியானது. மீட்கப்படுகிறவர்கள் யார் என்பதை இறைவன் முன்கூட்டியே தெரிந்தெடுத்துவிட்டான், மற்றவர்கள் எவ்வளவு நன்மை செய்தாலும் அந்தக் கூட்டத்தில் சேர முடியாது என்று நம்பினார்கள். நாம் சொல்லும் களா கத்ர் நம்பிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. நமக்குத் தவ்பாவின் வாசல் எவருக்கும் திறந்திருக்கிறது. அவர்களோ, தான் தெரிந்தெடுக்கப்பட்டவன்தானா என்று அறிவதற்காகத் தம் உள்ளத்தைத் தாமே வாழ்நாளெல்லாம் துருவித் துருவிப் பார்த்தார்கள். அதனால்தான் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவர்களிடையே அவ்வளவு பரவியது. பிள்ளைகளும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. எழுத்துப் படிக்கும் அரிச்சுவடியிலேயே ஆதி மனிதனின் வீழ்ச்சியும் மரணமும் வந்துவிடும்.

இதே பயத்திலிருந்துதான் ஒரு பெரிய நன்மையும் பிறந்தது. ஒவ்வோர் ஆத்மாவும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1647 இல் மசசூசெற்ஸில் ஒரு சட்டம் வந்தது. 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுத வாசிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும். வேதத்தை மக்களுக்குத் தெரியாமல் மறைப்பது சைத்தானின் பழைய தந்திரம், அதை முறியடிக்கவே இந்தச் சட்டம் என்று அதன் முகப்பிலேயே எழுதிவைத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பதில் அவர்கள் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. ஆனால் வாசிக்கக் கற்பித்தார்கள். வாசிக்கத் தெரிந்த தாய், மகளுக்கு வாசிக்கக் கற்பித்தாள். இப்படியே ஒன்றரை நூற்றாண்டு போனபின் பிறந்தவர் ஹரியட்.

அவர் காலத்தில் பழைய கடுமை ஓரளவு தளர்ந்திருந்தது. நத்தாருக்குத் தண்டம் இல்லை, விசாரணை மன்றம் இல்லை. ஆனால் வீட்டுக்குள் அதே ஞாயிறு, அதே வேதவாசிப்பு, அதே சுயவிசாரணை. 13 வயதளவில் ஹரியட் தம் நம்பிக்கையைச் சபைமுன் அறிக்கையிட்டுத் திருச்சபையில் முழு உறுப்பினரானார். அந்தக் காலத்தில் அது சிறுபிள்ளைக்கு எளிதாகக் கிடைக்கும் உரிமை அல்ல. பத்தொன்பது இருபது வயதில் ஊரின் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஞாயிறு பாடசாலை தொடங்கினார். வாசிப்புச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு வேலைதான், ஓய்வுநாளின் புனிதம் கெடுகிறது என்று பெரியவர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. ஹரியட் விடவில்லை. மெலிந்த உடம்பும் அமைதியான சுபாவமும் கொண்டவர் என்றாலும், சரி என்று பட்டதில் பிடிவாதக்காரர் என்பதை இந்தச் சம்பவத்திலேயே காணலாம்.

1810 இல் அமெரிக்காவில் வெளிநாட்டு மிசன் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. 1816 இல் அதன் முதல் மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு பெண் தனியாகப் போக அப்போது வழியில்லை. மிசனரியின் மனைவியாகத்தான் போக முடியும். 1819 ஜனவரியில் ஹரியட், மைரன் வின்ஸ்லோ என்ற இளம் போதகரை மணந்தார். ஐந்து மாதம் கழித்து, ஜூன் 8 ஆம் திகதி, பொஸ்டன் துறைமுகத்தில் இன்டஸ் என்ற பாய்க்கப்பலில் ஏறினார்கள். மருத்துவர் ஜோன் ஸ்கடரும் லீவை ஸ்போல்டிங் தம்பதியரும் அதே கப்பலில் இருந்தார்கள். கல்கத்தாவை அடைய நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. தாய் தந்தையரை ஹரியட் அதன்பின் ஒருபோதும் காணவில்லை. அவர் திரும்பமாட்டார் என்பது போகும்போதே இரு தரப்புக்கும் தெரியும்.

1820 இல் வின்ஸ்லோ தம்பதியர் உடுவிலில் குடியேறினார்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம் போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கக் கோயிலும் பாதிரியார் வாழ்ந்த வீடும் இருந்த பழைய இடம். கத்தோலிக்க அடையாளங்களைத் துடைக்கவென்றே புறப்பட்ட மூதாதையரின் பேத்தி, கத்தோலிக்கத் துறவியின் வீட்டில் அடுப்பு மூட்டினார். அந்த வீட்டுக்குள் நோர்விச் ஊரின் நாளொழுங்கு அப்படியே வந்து உட்கார்ந்தது. விடியுமுன் எழும்புதல், குடும்ப வணக்கம், மணியடித்து வேலை, மாலையில் மறுபடி வணக்கம், இரவில் நாட்குறிப்பு. வெயிலும் காய்ச்சலும் மட்டும் நோர்விச்சில் இல்லாதவை.

நமது மட்டக்களப்புக்கும் இதில் ஒரு பக்கத்துத் தொடர்பு உண்டு. பிரித்தானிய மெதடிஸ்த மிசனரியான வில்லியம் ஓல்ட் 1814 இலேயே இங்கே வந்து, மறு ஆண்டே இறந்துபோனார். புளியந்தீவில் உள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடக்கிய பாடசாலையின் வழியில் வந்தது. குருக்கள்மடத்திலிருந்து கல்லாறு வரை எழுவான்கரையில் பயணம் செய்கிறவர்கள் அந்த மிசனின் தடத்தை இன்றும் காணலாம். மட்டக்களப்பு வின்சன்ட் பெண்கள் பாடசாலை தன் தொடக்கத்தை 1820 என்று கொள்கிறது. ஆகவே முதல் இடம் யாருக்கு என்ற வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பெண்கள் பாடசாலை என்ற வகையில் உடுவிலின் இடம் தனியானது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது.

ஆங்கிலேய ஆட்சி அமெரிக்கர்களைப் பெரிதாக விரும்பவில்லை. 1820 இல் அமெரிக்காவிலிருந்து அச்சியந்திரம் வந்தபோது, அதை இயக்க வந்த ஜேம்ஸ் கரெற் என்பவரை ஆளுநர் பார்ன்ஸ் நாட்டில் தங்க விடவில்லை. புதிய அமெரிக்க மிசனரிமார் வரவும் தடை. ஆகவே ஹரியட் வாழ்ந்த காலம் முழுவதும் பாடநூல் என்பது பெரும்பாலும் ஓலைதான். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்தார்கள் பிள்ளைகள். மானிப்பாய் அச்சகம் ஓடத் தொடங்கியது ஹரியட் இறந்தபின், 1834 இல்.

உடுவிலுக்கு முதல் பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பதற்கு அங்கே வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். மிசன் வீட்டில் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்க இரண்டு சிறுமிகள் வருவார்களாம். ஒருநாள் மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. வீடு போக முடியவில்லை. பசியும் எடுத்தது. அம்மையார் கொடுத்ததை முதலில் மறுத்தார்கள், பிறகு சாப்பிட்டுவிட்டார்கள். மழை விட்டபின் தேடிவந்த தகப்பனுக்கு அது தெரிந்தது. வேறொருவர் கையால் உண்டதால் சாதி ஒழுங்கு கெட்டது, இனி நீங்களே வைத்து வளர்த்துப் படிப்பியுங்கள் என்று விட்டுப்போனாராம். கதை இப்படியே நடந்ததா என்பது இருக்கட்டும். ஒருவேளைச் சோறு ஒரு பிள்ளையைத் தன் வீட்டிலிருந்து வெட்டிவிடக்கூடிய காலம் அது என்பதைக் கதை சரியாகவே சொல்கிறது.

யாழ்ப்பாணத்தில் கோயில் நடனப் பெண்களைத் தவிர வேறு எந்தப் பெண்ணுக்கும் வாசிக்கத் தெரியாது என்று மிசனரிமார் எழுதினார்கள். இதைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் வாங்கவேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் எழுதியது அமெரிக்காவில் காசு திரட்டுவதற்காகவும்தான். ஆனாலும் ஊரார் பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டதில் ஐயமில்லை. எங்கள் வாப்பாவின் உம்மாமார் காலத்தில் நமது ஊர்களிலும் இதே கேள்வி இருந்தது.

பெற்றோரைச் சம்மதிக்க வைக்க மிசன் பல வழிகளைக் கையாண்டது. உணவும் உடையும் இலவசம். படிப்பை முடிக்கும்வரை பிள்ளையைத் திருப்பி அழைப்பதில்லை என்று பெற்றோரிடம் ஒப்பந்தம் வாங்கினார்கள். படிப்பு முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமாக ஒரு தொகையும் கொடுத்தார்கள். சீதனம் இல்லாமல் பெண் கரையேற முடியாத சமூகத்தில் இது சிறிய உதவி அல்ல. அமெரிக்காவில் இருந்து ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றவர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். அப்படி உடுவிலின் சிறுமிகள் முன்பின் காணாத யாரோ ஒரு சீமாட்டியின் பெயரைச் சுமந்தார்கள். படிக்க வந்த பிள்ளை பெயரையும் இழந்தது என்பதை எழுதும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயரோடு போனது பெயர் மட்டும் அல்ல. பாடசாலையின் நோக்கமே மதமாற்றம்தான், அதை ஹரியட் ஒளித்ததும் இல்லை. பின்னாளில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளைத் தொடங்கியதும், நமது அறிஞர் சித்திலெப்பை முஸ்லிம் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகள் வேண்டும் என்று அலைந்து, கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றைத் தொடங்கியதும் இந்த அச்சத்தின் பின்னணியில்தான்.

அந்தப் பாடசாலையில் ஒரு நாள் எப்படி இருந்தது? வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், பூமிசாஸ்திரம், வேதபாடம். எல்லாம் பெரும்பாலும் தமிழில். கூட்டுவதும் சமைப்பதும் பாயைச் சுருட்டி வைப்பதும் பிள்ளைகளின் வேலை. வீட்டு வேலை தெரியாத பெண்ணாக ஆக்கிவிடுவார்கள் என்று பெற்றோர் பயந்தது ஒரு காரணம். உழைப்பே வணக்கம் என்ற பியூரிட்டன் எண்ணம் இன்னொரு காரணம். ஞாயிற்றுக்கிழமை உடுவிலிலும் நோர்விச் போலவே அசையாது நின்றது. நாளுக்குப் பெயர் வைத்து நேரம் பிரித்து மணியடித்து வாழும் விடுதி வாழ்க்கை நம் நாட்டில் பெண்களுக்குப் பழக்கமானது இங்கிருந்துதான் என்று சொன்னால் பெரிய தவறாகாது. இன்று விடுதியில் இருந்து படிக்கும் மாணவியர், அதிகாலை மணிக்காக ஹரியட் அம்மையாரை நொந்துகொள்ளலாம்.

இனி அவருடைய சொந்த வீட்டுக்கு வருவோம். ஹரியட் பல பிள்ளைகளைப் பெற்றார். சிலரை உடுவிலிலேயே அடக்கம் செய்தார். மூத்தவன் சார்ள்ஸ், 1821 ஜனவரியில் உடுவிலில் பிறந்தவன். மிசனரிமாரிடையே ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும். இங்கே வளர்ந்தால் வேலைக்காரரின் பேச்சையும் ஊரின் பழக்கத்தையும் கற்று ஆத்மாவைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தார்கள். சார்ள்ஸை அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. தாய் அனுப்பினார். தன் மடியில் வளர்ந்த பிள்ளையை, இனி இவ்வுலகில் காண்போமா என்று தெரியாமல், பாய்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார். அந்தக் கப்பல் அமெரிக்காவைச் சேர்ந்தது. பையன் நோயுற்று, 1832 மே 24 ஆம் திகதி நியூயோர்க்கில் இறந்தான். வயது 11. கரை சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அந்தச் செய்தி உடுவிலை அடைய மாதக்கணக்கில் ஆனது.

எத்தனையோ தாய்மாரிடம் போய், உங்கள் மகளை என்னிடம் விடுங்கள், பயப்படாதீர்கள் என்று கேட்டவர் இவர். அவர்கள் பயந்தது எதற்கோ, அதற்கே இவரும் பயந்தார். ஊர்ப் பழக்கம் பிள்ளையை மாற்றிவிடும், பிள்ளை தன் மார்க்கத்தை விட்டுப் போய்விடும். உடுவில் தாய் தன் மகளை அமெரிக்க வீட்டுக்கு அனுப்பத் தயங்கினாள். அமெரிக்கத் தாய் தன் மகனை உடுவில் தெருவில் வளரவிடத் தயங்கினார். அந்தத் தயக்கத்தின் விலையை இரண்டாமவர்தான் முழுதாகச் செலுத்தினார். இறைவன் எடுத்தது நீதியே என்று ஏற்றுக்கொள்ளும்படி அவர் மார்க்கம் கற்பித்திருந்தது. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனத்தோடு போராடினார். அழுததற்காகவும் தன்னையே கணக்குக் கேட்கும் வளர்ப்பு அது.

1833 ஜனவரி 14 ஆம் திகதி ஹரியட் உடுவிலில் இறந்தார். மகன் இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. கணவர் மைரன் வின்ஸ்லோ அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து 1835 இல் ஒரு நூலாக அமெரிக்காவில் வெளியிட்டார். நாம் இன்று அவர் வாழ்க்கையை அறிவது பெரும்பாலும் அதிலிருந்துதான். இறைவனுக்கும் தனக்கும் இடையே என்று இரவில் எழுதி வைத்ததை அச்சில் போட்டது சரிதானா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் அந்த நூல் இல்லாவிட்டால் ஹரியட் என்ற பெயர் மிசன் அறிக்கையில் வின்ஸ்லோவின் மனைவி என்ற ஒரு சொல்லாகவே நின்றிருக்கும். மைரன் பின்னர் சென்னைக்குச் சென்றார். 1862 இல் அங்கே வெளியான பெரிய தமிழ் ஆங்கில அகராதி அவர் பெயராலேயே வழங்குகிறது. பழைய நூலகங்களில் வின்ஸ்லோ அகராதியைப் புரட்டியவர்கள் அவரை அறிவார்கள்.

1829 இல் உடுவிலில் பிறந்த மகள் ஹரியட், தாயின் பெயரையே கொண்டவள், அமெரிக்காவில் வளர்ந்து டலஸ் என்ற குடும்பத்தில் மணமுடித்தாள். 1950களில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸும், உளவு நிறுவனத் தலைவராக இருந்த அலன் டலஸும் அவளுடைய பேரன்மார். உலக அரசியலை ஆட்டிவைத்த அந்தச் சகோதரர்களின் அப்பம்மா உடுவிலில் தவழ்ந்தவள் என்பது நம்பக் கடினமாக இருந்தாலும் உண்மை.

உடுவில் பாடசாலை நிற்கவில்லை. ஸ்போல்டிங்கின் மனைவி மேரி அதைப் பொறுப்பேற்றார். 1840 இல் எலைசா அக்னியூ என்ற மணமாகாத ஆசிரியை வந்தார். இப்போது தனியாக வரவும் பெண்ணுக்கு வழி பிறந்திருந்தது. அவர் நாற்பது ஆண்டுக்கு மேல் ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்து, 1883 இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். முதலில் படித்த பிள்ளைகளின் மகள்மாரும் பேத்திமாரும் அவரிடமே படித்தார்கள்.

நோர்விச்சில் இருந்த லேத்ரப் வீட்டுக்கு ஒரு மகள் போனது போதவில்லைப் போலும். ஹரியட் இறந்த அதே 1833 இல் தங்கை எலிசபெத், ஹட்சிங்ஸ் என்ற போதகரின் மனைவியாக இலங்கைக்குக் கப்பலேறினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இன்னும் இரண்டு தங்கைமார் அதே மிசனுக்கு வந்தார்கள். அந்த வீடு நான்கு தரம் மகள்மாரை வழியனுப்பியது.